இடது கண்ணுக்கு மட்டும்

அக்காவின் பார்லரில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக எந்தச் சரக்கு வந்தாலும் முதலில் அக்காவின் முகத்தில் பாதிக்குத்தான் போகும். இடது பக்கம் சோதனைக்கு, வலது பக்கம் சும்மா. பத்து நாள் கழித்து இரண்டு பக்கத்தையும் கண்ணாடியில் பார்ப்பாள். நன்றாக இருந்தால் சரக்கு அலமாரியில் ஏறும். இல்லாவிட்டால் கொண்டுவந்த ஆள் வாங்கிக் கட்டிக்கொண்டு போவான்.

தங்கை வேதியியலில் பட்டம் வாங்கிவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தாள். கிடைக்கும்வரை அக்காவோடு கடையில் நின்றாள். எல்லோரும் அவளைச் சின்னவள் என்றே கூப்பிட்டார்கள். யாராவது சேர்ந்தாற்போல் இரண்டு கேள்வி கேட்டால் ஒன்றுக்குத்தான் பதில் சொல்வாள். அக்காவின் வழக்கத்தை ஒழுங்கான சோதனையாக மாற்றியது அவள்தான். தினமும் காலை எட்டரைக்கு, கடை திறக்கும் முன், அதே ஜன்னல், அதே நாற்காலி, அதே தூரம். இரண்டு கண்களுக்கும் தனித்தனிப் படம். ஒரு நோட்டில் தேதி போட்டுக் குறிப்பு.

"பெரிய ஆராய்ச்சிதான் போ," என்றாள் அக்கா. "எலிக்குப் பதிலா அக்கா."

இந்தத் தடவை அக்காவுக்கு அவசரம் இருந்தது. நாற்பத்திரண்டு வயது. கண்ணுக்குக் கீழே கருவளையம், அதன் மேல் மூன்று மூன்று கோடுகள். ஒருநாள் புருவம் எடுக்க வந்த டீச்சர், நாற்காலியில் சாய்ந்தபடியே அக்காவை அண்ணாந்து பார்த்துச் சொன்னாள்:

"ஊர்க் கண்ணையெல்லாம் சரி பண்றே. உன் கண்ணு ரெண்டையும் யாரோ குத்தின மாதிரி வச்சிருக்கியேம்மா."

அக்கா சிரித்துவிட்டாள். டீச்சர் பதினைந்து வருட வாடிக்கை, அவளிடம் கோபித்துக்கொள்ள முடியாது. ஆனால் அவள் போனதும் கண்ணாடி முன் நின்று, இரண்டு விரலால் கன்னத்தைக் கீழே இழுத்துப் பார்த்தாள். எதிர்ச்சாரியில் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு பார்லர் புதிதாக வந்திருந்தது. உள்ளே வேலை செய்த பெண்களுக்கு இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதுதான் இருக்கும்.

"அந்த மூஞ்சிகளைப் பாத்துட்டு என் மூஞ்சியைப் பாத்தா எவ உள்ள வருவா, சொல்லு," என்றாள்.

அந்த வாரம்தான் க்ரீம்காரர் வந்தார். கையில் மூடி போட்ட ஒரு வெள்ளை வாளி. அதில் பெயர் இல்லை, எழுத்தும் இல்லை. மூடியைத் திறந்ததும் முத்தைக் கரைத்து வைத்ததுபோல ஒரு மினுமினுப்பு.

"உள்ள என்னென்ன சேர்த்திருக்கு?" என்று சின்னவள் கேட்டாள்.

"எல்லாம் மூலிகை, பாப்பா."

என்ன மூலிகை என்பது அடுத்த கேள்வி. அது அவள் தொண்டைவரை வந்தது. க்ரீம்காரர் அதற்குள் அக்கா பக்கம் திரும்பி, மூன்று வாரத்தில் கருமை போகாவிட்டால் தன் மீசையை எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். அக்கா சிரித்தாள். கேள்வி தொண்டையோடு நின்றுவிட்டது.

மீசைக்கு ஆபத்து வரவில்லை. பதினெட்டாம் நாள் எடுத்த படத்தில் இடது கண்ணின் கீழே கருமை வெளுத்திருந்தது. இருபத்தைந்தாம் நாள் அடையாளமே இல்லை. வலது கண் எப்போதும்போல் கறுத்துக் கிடந்தது. சின்னவள் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். அக்கா ஃபோனை வாங்கி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தங்கையின் தலையைப் பிடித்து உச்சியில் ஒரு முத்தம் வைத்தாள்.

"இனி ரெண்டு கண்ணுக்கும் போடலாம்க்கா."

"யாராவது போடுவாங்களா? இந்தக் கண்ணு இப்படியே இருக்கட்டும்," என்றாள் அக்கா. "இதுதான்டி நம்ம விளம்பரம்."

அப்படித்தான் ஆயிற்று. வருகிறவர்களிடம் அக்கா தன் முகத்தையே நீட்டுவாள். இந்தக் கண்ணைப் பாருங்க, இப்ப அந்தக் கண்ணைப் பாருங்க. பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். க்ரீமைச் சின்னச் சின்ன டப்பாக்களில் அடைத்து, கடையின் பெயரை ஒட்டி, சின்னவள் அடுக்கி வைத்தாள். பத்தொன்பது பேர் வாங்கிப்போனார்கள்; அவர்கள் பெயரையும் சின்னவள் நோட்டில் எழுதி வைத்தாள். டீச்சர் மட்டும் இரண்டு. மாத முடிவில் அவள் வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறாள் என்று முதலில் பேச்சு, பிறகு அது மூன்று மாதம் தள்ளிப்போனது. எப்படியும் பள்ளிக்கூடத்தில் எல்லோரையும் நிற்க வைத்துப் படம் எடுப்பார்கள், அதற்குள் கண் சரியாகிவிட வேண்டும் என்றாள்.

கடைக்கே வந்து தடவிக்கொள்கிறவர்களும் இருந்தார்கள். அவர்களுக்கு அக்கா தன் கையால் தேய்த்துவிடுவாள். ஒருவருக்குக் கால் மணி நேரம், ஒரு நாளைக்கு ஏழெட்டுப் பேர். கையுறை போட்டுக்கொள் என்று சின்னவள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

"ரப்பரைப் போட்டுக்கிட்டுத் தொட்டா, தோலு என்ன சொல்லுதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் அக்கா. பதினைந்து வருடமாக அவள் வெறுங்கையால்தான் வேலை செய்தாள். அதில் அவளுக்குப் பெருமை.

நான்காவது மாதம் ஒரு காலையில், ஜன்னலோரம் படம் எடுத்துக்கொண்டிருந்த சின்னவள் ஃபோனைக் கீழே இறக்கினாள்.

"என்னடி?"

"வலது கண்ணுலயும் கோடு இல்லக்கா."

அக்கா எழுந்து கண்ணாடிக்குப் போனாள். அந்த மூன்று கோடுகளைச் சின்னவளுக்குத் தன் கைரேகையைவிட நன்றாகத் தெரியும். நோட்டில் அவற்றுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டு வைத்திருந்தாள். மூன்றும் இல்லை. தோல் இஸ்திரி போட்டது போல் இருந்தது. கருமை மட்டும் அப்படியே.

"வலதுக்கும் போட்டியா?"

"சத்தியமா இல்ல. விளம்பரத்தை நானே கெடுத்துக்குவேனா?"

"அப்புறம் எப்படி?"

"நல்ல மருந்துடி. மூக்கைத் தாண்டி அந்தப் பக்கமும் போயிருக்கு." அக்கா தன் கன்னத்தை இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பத்து வயசு கொறஞ்சிருச்சு, இல்ல?"

சின்னவள் நோட்டில் எழுதினாள்: வலது, கோடு இல்லை, கருமை மாறவில்லை. பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள். கல்லூரியில் இப்படி நடந்திருந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். எதுவும் ஊற்றாத குழாயும் நிறம் மாறினால் மொத்தத்தையும் கொட்டிவிட்டு, எங்கே தப்பு என்று முதலிலிருந்து தேட வேண்டும். ஆனால் அக்கா பாட்டை முணுமுணுத்துக்கொண்டே கடைக்கதவைத் திறந்துகொண்டிருந்தாள். அவள் பாடி எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. தூக்கத்தில் புரண்டு தலையணை வழியாகப் பட்டிருக்கும் என்று சின்னவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு பக்கத்தைத் திருப்பினாள்.

பள்ளி வேன் ஓட்டும் அத்தான்கூடக் கவனித்துவிட்டார். "காலைல பக்கத்துல படுத்திருக்கறது யாருன்னு திடுக்குன்னு ஆயிருச்சு," என்றார். "முகம் அப்படியே பூரிச்சுக் கெடக்கு."

"இப்பவாவது கண்ணு தெரிஞ்சுதே," என்றாள் அக்கா. "முதல்ல பாத்ரூம்ல சோப்புப் பொடியைக் கொட்டறதை நிறுத்துங்க. எத்தனை தண்ணி ஊத்தினாலும் நுரை போகல."

"நான் எங்கடி கொட்டினேன்?"

"அப்ப நானா கொட்டினேன்?"

சின்னவள் சிரித்துக்கொண்டே தேநீரைக் குடித்தாள். அந்தச் சிரிப்பு பிறகு பல நாள் அவளை உறுத்தியது.

அக்காவின் சாப்பாடு குறைந்தது, எடை கூடியது. செருப்பு வார் காலில் பதிந்து, கழற்றிய பிறகும் ஒரு மணி நேரம் தடம் இருந்தது. மோதிரத்தைச் சோப்புப் போட்டுக் கழற்றி அலமாரியில் வைத்தாள். நாளெல்லாம் நின்றால் கால் வீங்காதா என்றாள். மதியத்தில் நாற்காலியில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது. அதற்கும் வேலையைத்தான் காரணம் சொன்னாள். கடையில் கூட்டம் நிற்க இடமில்லாமல் இருந்தது உண்மைதான்.

வாசல் கண்ணாடியில் தன் படத்தையே பெரிதாக ஒட்டலாம் என்று அக்காவுக்கு ஆசை வந்தது. அன்றைக்குக் காலையில் நேரமில்லை. மாலை ஆறு மணிக்கு அதே ஜன்னலில் உட்கார வைத்துச் சின்னவள் படம் எடுத்தாள்.

அக்கா ஃபோனை வாங்கிப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். "இதுல கோடு லேசாத் தெரியுதே. இது வேணாம். காலைல எடுக்கறதைப் போடு."

சின்னவள் அந்தப் படத்தை அழிக்கவில்லை. மறுநாள் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று எடுத்தாள். அதற்கு அடுத்த நாளும். ஐந்து நாள். ஐந்து காலையிலும் கண்ணுக்குக் கீழே வழுவழுவென்று இருந்தது. ஐந்து மாலையிலும் கோடுகள் மெலிதாகத் திரும்பி வந்தன. மாலையில் கண்ணுக்குக் கீழே வற்றும்போது கணுக்கால் உப்பியிருந்தது.

தோலுக்குக் காலை மாலை தெரியாது. தண்ணீருக்குத்தான் மேலே கீழே தெரியும். இரவு படுத்தால் முகத்துக்கு வரும், பகலில் நின்றால் காலுக்கு இறங்கும். கோடுகள் போகவே இல்லை. அடியில் தண்ணீர் நிறைந்து அவற்றைத் தூக்கிப் பிடித்திருந்தது. பாத்ரூமில் போகாத அந்த நுரையும் அப்போதுதான் ஞாபகம் வந்தது: அது சோப்பு இல்லை, சிறுநீரின் நுரை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கடை விடுமுறை. சின்னவள் அக்காவிடம் ஒரு கண்ணாடிக் குப்பியை நீட்டி, என்ன வேண்டும் என்று மெதுவாகச் சொன்னாள்.

"சீ, எதுக்குடி?"

"கொண்டு வாக்கா. அப்புறம் சொல்றேன்."

அக்கா தலையில் அடித்துக்கொண்டு போனாள். திரும்பி வந்தபோது சமையலறை அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. கல்லூரியிலிருந்து கொண்டுவந்த இரண்டு சோதனைக் குழாய்களையும் ஒரு இடுக்கியையும் சின்னவள் கழுவி வைத்திருந்தாள்.

"என்னோடதை என் அடுப்புலயே காய்ச்சப் போறியா? உனக்கு வேலை கெடைக்காதது ஏன்னு இப்பல்ல தெரியுது."

சின்னவள் முதலில் தன்னுடையதைச் சூடாக்கினாள். இந்தத் தடவை ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று வேண்டும், அதை நம்பவும் வேண்டும். கொதித்த பிறகும் தெளிவாகவே இருந்தது. பிறகு அக்காவுடையது. குழாயின் மேல்பகுதியைத் தீயில் காட்டினாள். சூடு ஏறியதும் பால் கலந்ததுபோல் கலங்கியது.

"அது என்ன?" அக்காவின் குரலில் கேலி போய்விட்டது.

"உப்பா இருந்தாலும் இப்படித்தான் கலங்கும். வினிகர் விட்டா கரைஞ்சிடும். புரதம்னா கரையாது."

கரைந்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே மூன்று சொட்டு விட்டாள். கரையவில்லை. கலங்கல் திரண்டு, வெந்த முட்டையின் வெள்ளைபோல் கட்டி கட்டியாகக் கீழே இறங்கியது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அடுப்பை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை.

சிறுநீரக டாக்டர் வயதான பெண்மணி. அறிக்கைகளைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள். அக்காவின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இடது கண்ணு வெளுத்திருக்கு, வலது கறுப்பா இருக்கு. என்னம்மா போட்டீங்க?"

சின்னவள்தான் பையிலிருந்து டப்பாவை எடுத்து மேஜையில் வைத்தாள். எப்போதிலிருந்து, எவ்வளவு, எங்கே என்று டாக்டர் கேட்ட மூன்று கேள்விக்கும் பதில் சொன்னாள். டப்பாவும் ரத்தமும் சோதனைக்குப் போயின. அக்காவைப் படுக்கையில் சேர்த்தார்கள். நான்காம் நாள் முடிவு வந்தது. இரண்டிலும் பாதரசம்.

"கருமையை வெளுக்க வைக்கிறது அதுதான்," என்றாள் டாக்டர். "கண்ணுக்குப் போட்டது கொஞ்சம். நாள் முழுக்க வெறுங்கையால தேய்ச்சீங்களே, அது வழியாப் போனதுதான் நிறைய. சிறுநீரகம் சல்லடை மாதிரி ஆயிருக்கு. புரதம் வெளியே போகுது, தண்ணி உள்ளே தங்குது."

"சரியாயிடுமா?" என்று அக்கா கேட்டாள்.

"நிறுத்தியாச்சு. மருந்து கொடுக்கறோம். நெறைய பேருக்குத் திரும்பியிருக்கு." டாக்டர் எழுந்தாள். "எல்லாருக்கும்னு சொல்ல மாட்டேன். கண்ணுக்குக் கீழ கோடு விழுந்தா சந்தோஷப்படுங்க."

டாக்டர் போனதும் அக்கா தங்கையின் மணிக்கட்டைப் பிடித்தாள். விரல்கள் உப்பிக் குளிர்ந்திருந்தன.

"யார்கிட்டயும் சொல்லாதே."

"பத்தொன்பது பேருக்கா."

"இனிமே விக்க வேணாம். சரக்கு தீந்துபோச்சுன்னு சொல்லு. அவங்க டப்பாவும் தானா தீந்துடும். வெளிய தெரிஞ்சா கடையை மூடிட்டுப் போக வேண்டியதுதான். பதினஞ்சு வருஷம்டி. எனக்கு வேற என்ன தெரியும்?"

சின்னவள் தலையாட்டவில்லை. மறுக்கவும் இல்லை. அடுத்த மூன்று நாளும் காலையில் கண் விழித்ததும் அக்காவின் முகத்தைத்தான் பார்த்தாள். தலையணையில் அந்த முகம் வட்டமாக, பளபளவென்று, ஒரு குழந்தையின் முகம் போல் இருந்தது. ஒரு கோடு, ஒரே ஒரு கோடு என்று தேடினாள். ஒன்றும் இல்லை. சிறுநீரில் போகும் புரதமும் குறையவில்லை. நர்ஸ் எழுதிவைக்கும் அட்டையில் அக்காவின் எடை அரை கிலோ கூடியிருந்தது.

நான்காம் நாள் மாலை பார்வையாளர் நேரத்தில் டீச்சர் வந்தாள். கையில் பழப்பை. வந்ததும் வராததுமாக அக்காவின் முகத்தைப் பார்த்துக் கன்னத்தில் கை வைத்தாள்.

"கொடுத்து வச்சவ நீ. ஆஸ்பத்திரில கெடந்தும் கண்ணு எப்படி இருக்கு பாரு. என்னமோ காய்ச்சல்னாங்க?"

அக்கா டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் ஜன்னலுக்கு எதிரில் நின்றுகொண்டிருந்தாள். அறுபதை நெருங்கிய முகம். இமை தடித்து, கண் சிறுத்து, அதன் கீழே ஒரு சுருக்கம்கூட இல்லாமல் இருந்தது.

"ரெண்டு டப்பாவும் முடியப் போகுது," என்றாள் டீச்சர். "வெள்ளிக்கிழமை படம் எடுக்கறாங்க. உன் தங்கச்சிகிட்டக் கேட்டா தீந்துபோச்சுன்னுதான் சொல்வா. எனக்குன்னு ஒண்ணு எடுத்து வச்சிருப்பியே நீ."

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது குரல் தெளிவாக இருந்தது.

"டீச்சர், அதைப் போடாதீங்க. அதுல பாதரசம் இருக்கு. எனக்குக் காய்ச்சல் இல்ல, கிட்னி போச்சு. உங்களுக்கு இருக்கறதும் அழகு இல்ல, வீக்கம்."

டீச்சர் முதலில் சிரித்தாள். பிறகு சின்னவளைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு பழப்பையைக் கட்டிலின் ஓரத்தில் வைத்தாள்.

"உனக்கு ஒத்துக்காததுக்கு எனக்கு எதுக்கும்மா சொல்றே? எனக்கு ஒரு கொறையும் இல்ல. முப்பத்தஞ்சு வருஷம் அந்தப் பிள்ளைங்க என்னை என்ன பேர் வச்சுக் கூப்பிட்டாங்கன்னு தெரியுமா? ஆந்தை. ஒரே ஒரு படத்துலயாவது நான் நல்லா நின்னுட்டுப் போறேனே. வெள்ளிக்கிழமை முடியட்டும், நிறுத்திடறேன்."

"இன்னும் நாலு நாள் இருக்கு டீச்சர்."

"நாலு நாளுல என்ன ஆயிடும்?" டீச்சர் கைப்பையை மாட்டிக்கொண்டாள். "உடம்பைப் பாத்துக்கோ."

அவள் போன திசையையே அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். ஊசி குத்தியிருந்த கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை.

"பின்னாடியே போ," என்றாள்.

"அக்கா, கடை..."

"கடை கிடக்குது. அவங்க வீடு வரைக்கும் போ. டப்பாவைக் கையில வாங்காம வராதே. அப்புறம் நோட்டைப் பாத்து மத்த பதினெட்டு பேருக்கும், கடையில வந்து தேச்சுக்கிட்டவங்களுக்கும் சொல்லு. நான் சொல்லச் சொன்னேன்னு சொல்லு. இன்னைக்கே."

சின்னவள் ஓடினாள். லிஃப்ட் முன்னால் கூட்டம் இருந்ததால் டீச்சர் படியில் இறங்கத் தொடங்கியிருந்தாள். இரண்டு மாடி கீழே, திருப்பத்தில், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே படியில் உட்கார்ந்திருந்தாள். தோள்கள் ஏறி இறங்கின. ஒரு வார்த்தை பேசுவதற்கு இரண்டு முறை மூச்சை இழுக்க வேண்டியிருந்தது.

"இறங்கறதுக்கே... வாங்குது பாரு." டீச்சர் அவளை நிமிர்ந்து பார்த்துச் சிரிக்க முயன்றாள். "வயசாச்சில்ல."

படிக்கட்டு ஜன்னலின் வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது. வயதானதற்கு அந்த முகத்தில் ஓர் அடையாளமும் இல்லை.

சின்னவள் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கைப்பையை வாங்கிக்கொண்டாள். பிறகு மாடியைப் பார்த்து, அவள் வாழ்நாளில் இதுவரை எழுப்பாத குரலில், யாராவது வாருங்கள் என்று கூப்பிட்டாள்.